பரங்கிமலையில் தொடங்கிய கோணம்



சென்ற காலாண்டில் நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் கோடு போட்ட கதை உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே இடத்தை இரண்டு பேர் டேப் வைத்து அளந்தார்கள். இரண்டு கணக்கு வந்தது, வித்தியாசம் மூன்று அங்குலம். அதற்கு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் வாக்குவாதம். ஒருவர் டேப்பை இழுத்துப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் தொய்வாக விட்டிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாக்குவாதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. 220 ஆண்டுகளுக்கு முன் நம் ஏரியாவில்தான், பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏழரை மைல் தூரத்தை ஒரு சங்கிலி வைத்து அளந்தவர் அவர். இன்றைய மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமாகத்தான் அந்தக் கோடு போயிற்று. நாம் தினமும் டிராஃபிக்கில் நிற்கிற இடம். அவர் பெயர் வில்லியம் லாம்டன். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வெட்டி அளந்த பெரிய வேலையைத் தொடங்கி வைத்தவர்.

லாம்டன் 1750-களில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நார்தாலர்ட்டன் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது, அதுதான் அவருக்குச் சொத்து. படையில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். 1781-இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது கைதிகளில் இவரும் ஒருவர். விடுதலையான பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் குடியேறிகளுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலை, அப்புறம் படை முகாம்களைப் பராமரிக்கும் வேலை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கணிதப் புத்தகங்களை வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தார். சூரிய கிரகணத்தைச் சரியான பாதுகாப்பு இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. பின்னாளில் அவர் அளந்த கோணங்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1790-களின் பிற்பகுதியில் அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது, அவரும் வந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பதவி இன்னும் கீழ்நிலையில்தான். கூச்ச சுபாவம், நாகரிகமான பேச்சுத் துணை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகி நெப்போலியனைத் தோற்கடித்தவர். அவருடைய அண்ணன் அப்போது கவர்னர் ஜெனரல். சிபாரிசு என்றால் இதைவிட என்ன வேண்டும்!

1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ஓர் இரவு ஜெனரல் பெயர்டின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே போக வேண்டும். லாம்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்த இடத்தை வைத்துப் பார்த்தால் படை வடக்கே, அதாவது நேராக எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. போய்ச் சொன்னார். ஜெனரலுக்கு எரிச்சல், நட்சத்திரத்தைக் கேட்டுத்தான் நான் வழி நடக்க வேண்டுமா என்கிற மாதிரி. பிறகு விளக்கு வெளிச்சத்தில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் லாம்டன் சொன்னதுதான் சரி. படை திரும்பியது.

போர் முடிந்தது, திப்பு இறந்தார், மைசூர் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. கம்பெனிக்கு இப்போது வரைபடம் வேண்டும். எந்த ஊர் எங்கே இருக்கிறது, பீரங்கி எந்த வழியாகப் போகும், எவ்வளவு வரி தேறும் என்று தெரிய வேண்டும். இந்த அளவைக்கு உத்தரவு கிடைத்ததில் அந்த ஆசைக்கு நல்ல பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. லாம்டனின் ஆசை வேறு. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று நியூட்டன் சொல்லியிருந்தார். அதைச் சோதிக்க பிரெஞ்சுக்காரர்கள் லாப்லாந்திலும் பெருவிலும் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளத்தை அளந்தார்கள். இந்தியாவில், அதுவும் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், யாரும் அதைச் செய்யவில்லை. வரைபடம் என்று சொல்லி விண்ணப்பம் போட்டார், பூமியின் வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டார். 1800-இல் மெட்ராஸ் அரசு சம்மதித்தது.

வழிமுறை எளிது, நீங்களே மொட்டை மாடியில் செய்து பார்க்கலாம். மாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை உள்ள நீளம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் நின்று, தூரத்தில் தெரிகிற ஒரு தண்ணீர் டாங்கைப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்கும் உங்கள் பார்வைக்கும் இடையே ஒரு கோணம் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறு மூலைக்குப் போய் அங்கேயும் அதே போல் குறியுங்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்துவிட்டால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்த டாங்க் வரை நடந்து போக வேண்டாம், நடுவில் யாருடைய காம்பவுண்டையும் தாண்ட வேண்டாம். கிடைத்த புதிய பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். நம் பிள்ளைகள் கேரம் போர்டில் ரிபவுண்டு அடிக்கும்போது கண்ணாலேயே போடுகிற கணக்குக்கு இது தூரத்துச் சொந்தம்.

சிக்கல் எங்கே என்றால், முதல் பக்கம் தவறினால் எல்லாம் தவறும். அதனால் முதல் கோட்டை மட்டும் தரையில் சங்கிலி போட்டு அளந்தே ஆக வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைத்த சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. லண்டனில் ராம்ஸ்டன் என்ற புகழ்பெற்ற கருவிக் கலைஞர் செய்த 100 அடி எஃகுச் சங்கிலி அது. 1793-இல் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன பொருட்களில் ஒன்று. அவர் அதை ஏற்கவில்லை. தூதுக்குழுவோடு போன விஞ்ஞானி ஒருவர் மூலம் கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் லாம்டன் கையில் சேர்ந்தது.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வேலை தொடங்கியது. மே 22-இல் முடிந்தது. நம்ம ஊர் சித்திரை வெயில், கத்திரி வெயில் இரண்டையும் அந்தக் கூட்டம் பார்த்துவிட்டது. சங்கிலியைத் தரையில் போட்டு அளக்கவில்லை. முக்காலிகளின் மேல் நீள மரப்பெட்டிகளை மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, எடை கட்டி இழுத்து விறைப்பாக்கி அளந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெப்பமானி. ஏன் என்று கேட்பீர்கள். எஃகு சூட்டில் நீளும். பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சங்கிலியை 400 தடவை எடுத்து வைக்க வேண்டும். மொத்தத்தில் சுமார் நாலரை அடி பிசகிவிடும். நம் பார்க்கிங் சண்டை மூன்று அங்குலத்துக்கு என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

அதன் பிறகு கோணம்தான். அதற்கு தியோடலைட் என்ற கருவி. இன்று சாலை போடுகிற இடங்களில் மூன்று காலில் நிற்கிற சின்னக் கருவியைப் பார்த்திருப்பீர்கள், அதன் பாட்டனார். லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தது. அரை டன் எடை, கோணத்தைப் படிக்கிற வட்டமே மூன்று அடி விட்டம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிரெஞ்சு கவர்னர், இது அறிவியலுக்கான கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு மெட்ராசுக்கே அனுப்பி வைத்தார். போர்க்காலத்தில், எதிரிக்கு!

அவ்வளவு பெரிய வட்டம் எதற்கு? ஒரு டிகிரியை 60 நிமிடமாகவும், ஒவ்வொரு நிமிடத்தையும் 60 விநாடியாகவும் பிரிப்பார்கள். ஒரு டிகிரி பிசகினால் 30 மைல் தூரத்தில் அரை மைலுக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். ஒரே ஒரு விநாடி பிசகினால் அதே 30 மைலில் ஒன்பது அங்குலம். லாம்டன் விநாடிக் கணக்கில் துல்லியம் தேடினார். அந்த அளவுக்குப் போனால் பூமியின் வளைவே கோணத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பக்கமும் 40 மைல் உள்ள முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால், பள்ளியில் படித்த 180 டிகிரி வராது. ஏறத்தாழ ஒன்பது விநாடி கூடுதலாக வரும், தரை உருண்டை என்பதால்.

இத்தனைக்கும் செலவு யார் தருவது? மெட்ராஸ் அரசில் நிதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது வெட்டிச் செலவாகப் பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளில் மூத்தவரிடம் சொன்னால் போதுமே, அவர் கொண்டுபோய் விடுவாரே, இதற்கு எதற்கு முக்கோணம் என்று ஒருவர் கிண்டலடித்தார். அசோசியேஷன் பொதுக்குழுவில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. லண்டனில் இருந்த அரச வானியலாளர் மாஸ்கலின் போன்றவர்கள் ஆதரித்ததால் வேலை தப்பித்தது.

பதிலை லாம்டன் அளவையிலேயே கொடுத்தார். மெட்ராசிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்து 1804-இல் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏழு மைல் அளவில் இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டின் நீளம் என்ன வர வேண்டும் என்று பரங்கிமலைக் கோட்டிலிருந்து வெறும் கோணங்களை வைத்தே கணக்குப் போட்டாயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை. நடுவில் இருப்பது 200 மைல் காடும் மலையும். பிறகு மங்களூர் கடற்கரை வரை போனதில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. தென்னிந்தியாவின் குறுக்களவு அங்கே சுமார் 360 மைல்தான். அதுவரை இருந்த வரைபடங்கள் 40 மைல் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தன. பல்லக்குத் தூக்கிகளுக்கு அது தெரிந்திருக்கலாம். வரைபடத்துக்குத் தெரியவில்லை.

இனி தஞ்சாவூர்.

மலைப் பகுதியில் குன்றுக்குக் குன்று பார்க்கலாம். காவிரிப் படுகையில் குன்று எங்கே இருக்கிறது? தட்டைத் தரை, எங்கு பார்த்தாலும் தென்னையும் பனையும். உயரமாக நிற்பவை கோயில் கோபுரங்கள் மட்டுமே. ஆகவே லாம்டன் கோபுரங்களின் மேல் ஏறினார். உயரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்க்கிறார்கள் என்றால் ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் இருக்கத்தான் செய்யும், வீட்டுக் கொல்லைப்புறம் தெரியுமே. போதாக்குறைக்கு அந்தக் காலக் கருவியில் உருவம் தலைகீழாகத் தெரியும். பக்கத்து டவரில் யாரோ பைனாகுலர் வைத்திருக்கிறார் என்று நம் குழுவில் வந்த புகாரை நினைத்துப் பாருங்கள், அவர்கள் கோபம் புரியும்.

1808. தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் கட்டிய விமானம் சுமார் 216 அடி. கயிறு கட்டி, கப்பி மாட்டி, அரை டன் தியோடலைட்டை மேலே இழுக்கிறார்கள். சுவரில் இடிக்காமல் இருக்கப் பக்கத்திலிருந்து இன்னொரு கயிற்றால் தள்ளிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப் போய்க் கல் சுவரில் மோதியது. பெட்டி நொறுங்கி, அடி உள்ளே இருந்த வட்டத்தில் விழுந்தது. மூன்றடி வட்டம் நெளிந்துவிட்டது.

லாம்டனின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு விநாடி என்பது அந்த வட்டத்தின் விளிம்பில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைந்து கிடக்கிறது. அதைப் போல் இன்னொன்று இந்தியாவில் சந்தைக்குப் போய் வாங்குகிற பொருள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். செலவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் மெட்ராசில் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையை நிறுத்த இதைவிட நல்ல சாக்கு அவர்களுக்குக் கிடைக்காது. வேறு யாராக இருந்தாலும் அறிக்கை எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

அவர் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு கூடாரத்துக்குள் போனார். கைவேலை தெரிந்த சிலரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியைப் பாகம் பாகமாகப் பிரித்தார். பெரிய தட்டையான பலகையில் அந்த வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டினார். நெளிந்த வளையத்தை அதில் வைத்து ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். ஒரே நாளில் இழுத்தால் உலோகம் வேறு இடத்தில் நெளியும். இழு, அளந்து பார், விடு, மறுபடி இழு. இப்படி ஆறு வாரம். வளையம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது.

ஏறக்குறைய என்ற வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அடிபட்ட வட்டம் முழுசாகப் பழையபடி ஆகாது. ஆனால் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கி வைத்துப் படித்துச் சராசரி எடுத்தால், ஒரே கோணத்தைப் பல தடவை அளந்தால், வட்டத்தில் உள்ள கோணலில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கருவியில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அந்தக் குறை விடையில் ஏறாதபடி அளப்பது. இதுதான் எனக்கு லாம்டனிடம் மிகவும் பிடித்த இடம். சங்கிலி அளந்ததைவிட, மங்களூர் கணக்கைவிட.

1809-இல் அவருடைய முக்கோணங்கள் குமரி முனையைத் தொட்டன. பிறகு வடக்கு நோக்கித் திரும்பினார். அதே அடிபட்ட தியோடலைட்டுடன்தான். அவருடன் கடைசிவரை உழைத்தவர்களில் ஜோஷுவா டி பென்னிங் போன்றவர்கள் மெட்ராஸ் அநாதை இல்லத்தில் வளர்ந்து, இங்கேயே இருந்த அளவைப் பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களை விட்டுவிடுவார்கள். கொடி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், காட்டில் காய்ச்சலில் செத்தவர்கள் பெயர் நமக்குக் கிடைப்பதே இல்லை.

1818-இல் வேலை கல்கத்தா அரசின் கீழ் போனது, இந்தியப் பெரும் முக்கோண அளவை என்ற பெயரும் வந்தது. அந்த ஆண்டு உதவியாளராக வந்து சேர்ந்த இளைஞர் ஜார்ஜ் எவரெஸ்ட். லாம்டனுக்கு அறுபது தாண்டிவிட்டது, நுரையீரல் கெட்டிருந்தது. லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி தந்தது, பிரெஞ்சு அகாடமியும் கௌரவித்தது. ஊருக்குத் திரும்பவில்லை. 1823 ஜனவரியில் நாக்பூருக்குப் போகிற வழியில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட் என்ற இடத்தில், முகாமிலேயே இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கு மேல் முக்கோணத்துக்குள் வந்துவிட்டது. குமரி முனையிலிருந்து பீதர் அருகே வரை சுமார் பத்து டிகிரி நீளத்துக்கு ஒரே வளைகோடு.

எவரெஸ்ட் அதை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். அவருக்குக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர்களில் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன் முக்கியமானவர். அந்த முக்கோணங்களின் தொடர்ச்சியில்தான், 1850-களில், ராதாநாத் சிக்தார் போன்ற கணக்கர்கள் 15-ஆம் சிகரம் என்று எண் போட்டிருந்த மலைக்கு 29,002 அடி என்று கண்டார்கள். மலைக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். லாம்டன் பெயரில் மலை இல்லை.

ஆனால் பரங்கிமலை மேல், தேவாலயம் இருக்கிற வளாகத்தில், அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. அவர் அளக்கத் தொடங்கிய ஏப்ரல் 10-ஐத்தான் இந்திய நில அளவைத் துறை தேசிய அளவை நாளாகக் கொண்டாடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகிற பாதையும் இருக்கிறது. சிலைக்குப் பக்கத்தில் நின்று தெற்கே பார்த்தால் பெரும்பாக்கம் பக்கம் தெரிய வேண்டும். நான் போன அன்று தூசும் அடுக்குமாடிகளும் மறைத்துவிட்டன, அந்த அடுக்குமாடிகளில் ஒன்று நம்முடையதாகவும் இருக்கலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் ஒருவேளை குன்று தெரியும். லாம்டனும் மழைக்குப் பிறகு காற்று தெளிந்திருக்கும்போதுதான் அளக்க விரும்பினார்.